திரும்பி வரும் பித்தளை

கொழும்பின் ஹெவ்லொக் டவுனுக்குப் பெயர் தந்த சேர் ஆதர் ஹெவ்லொக் 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தார். ஆதர் ஹெவ்லொக் கொழும்பில் பதவியில் இருந்த காலத்திலேதான் துவக்குகளிலிருந்து புகை விலகத் தொடங்கியது. பிரித்தானியப் படை 1888இல் ஏற்றுக்கொண்ட .303 துவக்குக்கு முதலில் கறுப்பு வெடிமருந்தையே நிரப்பினார்கள். அது எரிந்தால் பாதிக்கு மேல் திண்மக் கழிவாகவே எஞ்சும். புகையும் குழாய்க்குள் படியும் கரியும் அதுதான். சில ஆண்டுகளுக்குள் அதன் இடத்தைக் கோர்டைட் என்ற புகையில்லா மருந்து பிடித்தது. இன்றைய போட்டிக் கைத்துப்பாக்கியின் ரவையும் அடிப்படையில் அந்தக் காலத்துப் பொருள்தான். நூற்றுமுப்பது ஆண்டுகளாக அதன் உறுப்புகள் நான்கே: பித்தளைக் கோது, பிரைமர் எனும் எரியூட்டி, வெடிமருந்து, சன்னம்.

ரவை என்றதும் நம்மில் பலருக்குப் போர்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது இலக்குக் கடதாசியைத் துளைப்பதற்கு மட்டும் செய்யப்படும் விளையாட்டு ரவையைப் பற்றி. இந்த விளையாட்டில் திறமைக்கு அடுத்த தடை பணம். கை பழக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் சுட வேண்டும். கடை ரவைக்குக் கொடுத்துக் கட்டாது. அதனால் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வீரர்கள் சுட்டு முடிந்த கோதுகளைப் பொறுக்கி எடுத்து, மற்ற மூன்று உறுப்புகளையும் தனித்தனியே வாங்கி, ரவையைத் தாமே கோத்துக்கொள்கிறார்கள். நான்கில் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது? பதில் சொல்வது விலைப்பட்டியல் அல்ல, வேதியியலும் பௌதிகமும்.

எல்லா ரவைக்கும் இந்தக் கேள்வி பொருந்தாது. ஒலிம்பிக் 25 மீற்றர் பிஸ்டல் போட்டிகளில் பயன்படுவது .22 விளிம்புத் தீ ரவை. அதன் எரியூட்டி மருந்து கோதின் அடி விளிம்புக்குள்ளே சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும். அதை மறுபடி நிரப்ப நடைமுறையில் வழியில்லை. மலிவாகத் தொழிற்சாலையில் பிறந்து ஒரே சூட்டோடு முடியும் ரவை அது. எரியூட்டி அடியின் நடுவில் தனிக் கிண்ணமாக இருக்கும் நடுத்தீ ரவைக்குத்தான் மறுபிறவி உண்டு. இந்தியாவின் ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்த 25 மீற்றர் நடுத்தீ பிஸ்டல் போட்டி இந்த வகையைச் சேர்ந்தது. தடுப்புகளுக்கிடையே ஓடி ஓடிச் சுடும் செயல்முறைச் சுடுதலில் பெரும்பாலோர் கையில் இருக்கும் 9 மி.மீ. ரவையும் அப்படித்தான். 1902இல் ஜோர்ஜ் லூகர் வடிவமைத்த அந்த ரவை இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. அதனாலேயே அதன் உறுப்புகள் மலிவு.

நான்கில் சுட்ட பிறகும் மிஞ்சுவது கோது ஒன்றுதான். அது 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை. இந்த விகிதம் தற்செயலாக அமைந்ததல்ல. நாகம் ஏறத்தாழ 35 வீதத்தைத் தாண்டினால் உலோகத்துக்குள் வேறொரு படிக அமைப்பு தலைகாட்டும். குளிர்நிலையில் இழுத்து வளைப்பது கடினமாகிவிடும். 70:30 கலவையோ, தட்டையான வில்லையாகத் தொடங்கி, அச்சுகளுக்குள் படிப்படியாக இழுபட்டு, ஆழமான கிண்ணமாக நீளும் அளவுக்கு இளகிய குணம் கொண்டது. இழுக்க இழுக்க இறுகவும் செய்யும். அந்த இறுக்கத்தில்தான் வித்தை இருக்கிறது. 9 மி.மீ. ரவை வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல் போகும். அந்தக் கணத்தில் பித்தளைச் சுவர் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி, சூடான வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைத்துவிடுகிறது. அழுத்தம் இறங்கியதும் மயிரிழை அளவு சுருங்கி, தானாகக் கழன்று வெளியே தெறிக்கிறது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்யும் மலிவான உலோகம் பித்தளைக்கு நிகராக இன்னும் கிடைக்கவில்லை. உருக்குக் கோதும் அலுமினியக் கோதும் விலை குறைந்தவைதான். ஆனால் அவை ஒருமுறைக்கு என்றே செய்யப்பட்டவை. மறுபடி நிரப்ப எண்ணுபவர் அவற்றைப் பொறுக்குவதில்லை.

ஒவ்வொரு சூட்டுக்கும் விரிந்து, ஒவ்வொரு முறையும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரப்படும் பித்தளை, கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் வாய்ப்பக்கம் பிளக்கும். மிதமான மருந்தோடு சுடப்படும் நேர்ச்சுவர்ப் பிஸ்டல் கோது அதற்கு முன் பத்துத் தடவைக்கு மேலும் உழைக்கும். சுடுகளத்தில் பொறுக்கிய கோதுக்குச் செலவு குனிந்த முதுகுதான்.

அந்தக் கோதுக்கு எங்கள் காலநிலையில் ஒரு தனி எதிரி உண்டு. இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படையினர் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த ரவைகள், யாரும் தொடாமலே, மழைக்காலம் வந்ததும் கோது கீறிப் பிளந்தன. மழைப் பருவத்தோடு வந்ததால் அதைப் பருவக் கீறல் என்று அழைத்தார்கள். காரணம் 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா மழைக்கால ஈரத்தில் கரைந்து பித்தளை மேல் படிகிறது. செம்போடு சேர்ந்து கரையும் சேர்மத்தை உண்டாக்குகிறது. குளிர்நிலையில் இழுத்ததால் உலோகத்துக்குள் ஏற்கெனவே அடைபட்டிருந்த தகைப்பு, அரிக்கப்பட்ட இடம் பார்த்துப் பிளந்துகொள்கிறது. அரிப்பு மட்டுமோ தகைப்பு மட்டுமோ இருந்தால் இது நடக்காது. இரண்டும் கூட வேண்டும். மெல்லச் சூடாக்கித் தகைப்பைத் தணிப்பதே மருந்து என்று கண்டார்கள். உலோகவியல் பாடநூல்களில் தகைப்பு அரிப்புக்குப் பழம்பெரும் எடுத்துக்காட்டு இன்றும் இதுவே.

அதனால் கோதுகளைத் துலக்க அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷ் ஆகாது. நம் வீடுகளில் குத்துவிளக்குத் துலக்கும் தேசிக்காய்க்கு அந்தக் குற்றம் இல்லை. அதிலுள்ள சித்திரிக் அமிலம் கறையாகப் படிந்த ஒட்சைட்டைக் கரைக்கும். அளவோடு வைத்துக் கழுவினால் உலோகத்தைப் பெரிதாகத் தொடாது. உலகெங்கும் ரவை கோப்பவர்கள் கோது கழுவ வாங்கும் மலிவான வெள்ளைப் பொடியும் அதே சித்திரிக் அமிலந்தான். நெடுநேரம் ஊறப்போட்டால் நாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகும். அந்த நிறம் தெரிந்தால் கோது பலவீனப்பட்டிருக்கலாம், எறிந்துவிடுவதே நல்லது.

பித்தளையோடு இலங்கைக்கு இன்னொரு பழைய உறவும் உண்டு. 70:30 பித்தளை உருகுவதற்கு 900 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் வெடிக்காமல், உருகாமல், உலோகத்தோடு ஒட்டாமல் நிற்கும் மூசைகளைச் செய்யச் சிறந்த மூலப்பொருள் இலங்கையின் காரீயம், அதாவது கிராபைட். வேறு நாடுகளில் கிராபைட் பெரும்பாலும் பாறைக்குள் செதில் செதிலாகச் சிதறிக் கிடக்கும். இங்கே அது பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடுகிறது. தூய்மை 99 வீதம் வரை போகும். நரம்புக் காரீயத்தை வணிக அளவில் தோண்டும் நாடு இன்றும் இது ஒன்றே. கேகாலை மாவட்டத்துப் போகலை, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ போன்ற சுரங்கங்களிலிருந்து வந்த காரீயம் கொழும்புத் துறைமுகம் வழியாக லண்டனின் பட்டர்சியில் இருந்த மோர்கன் மூசைக் கம்பனிக்கும், அமெரிக்காவின் ஜேர்சி சிட்டியில் இருந்த ஜோசப் டிக்சன் கம்பனிக்கும் போனது. முதலாம் உலகப் போர் உலகத்தின் பித்தளைப் பசியைத் தூண்டிய 1916இல் இலங்கையின் ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டி உச்சம் தொட்டது. பிறகு போர் முடிந்தது. மடகஸ்கார் காரீயம் மலிவாக வந்தது. பித்தளையை உருக்க மின்தூண்டல் உலைகளும் வந்தன. விலை சரிந்தது. அந்தத் தலைமுறையின் கோதுகளில் கணிசமானவை உருகிப் பிறந்த மடி நம் மண்ணிலிருந்து போனது.

இரண்டாவது உறுப்பு எரியூட்டி. சின்ன விரல் நகத்தை விடச் சிறிய இந்தக் கிண்ணத்துக்குள் இருப்பது அடி பட்டால் தீப்பற்றும் மருந்து. முதலில் பாதரசப் புல்மினேற்றைப் பயன்படுத்தினார்கள். அது சுட்டபின் விட்டுச்செல்லும் பாதரசம் பித்தளையோடு கலந்து கோதை நொறுங்கும் பொருளாக்கிவிடும். மறுநிரப்பலுக்கு அது சாவுமணி. பாதரசத்தை விட்டுக் குளோரேற்றுக்கு மாறியபோது வேறு வினை வந்தது. குளோரேற்று எரிந்தால் பொட்டாசியம் குளோரைட் மிஞ்சும். சோற்றுப்புக்குச் சொந்தக்கார உப்பு. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இரும்புக் கம்பிக் கதவு எதனால் துருப்பிடிக்கிறதோ அதே வேலையை அது குழாய்க்குள் செய்தது. ஒவ்வொரு சூட்டு நாளும் முடிந்ததும் நீர்விட்டுக் கழுவாவிட்டால் குழாய் போயிற்று. 1920களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் ஈய ஸ்டிப்னேற்று வந்துதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. பழைய இராணுவக் கையிருப்பு என்று எங்கோ மலிவாகக் கிடைக்கும் எரியூட்டியை வாங்குபவர் அந்தத் துருவையும் சேர்த்தே வாங்கக்கூடும். ஈரக் காற்று நிறைந்த கரையோர ஊர்க்காரர் இதில் மிச்சம் பிடிப்பது மூடத்தனம்.

எரியூட்டியில் இரண்டு குலங்கள் உண்டு. ஆங்கிலேயர் எட்வர்ட் பொக்சரும் அமெரிக்கர் ஹைரம் பேர்டனும் ஒரே காலத்தில், 1866ஐ ஒட்டி, தத்தம் வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். பொக்சர் முறையில் கோதின் அடி நடுவே ஒரே துளை; நேராக ஒரு கம்பியை விட்டால் பழைய கிண்ணம் வெளியே விழும். பேர்டன் முறையில் நடுவில் முனையும் அதன் பக்கங்களில் இரண்டு சிறு துளைகளும். கிண்ணத்தைக் கழற்றுவது பெரும்பாடு. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் வடிவம் அமெரிக்காவில் வேரூன்றியது, அமெரிக்கர் வடிவம் ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்காவில் கோது நிரப்பும் பழக்கம் செழித்ததில் இந்த ஒற்றைத் துளைக்கும் பங்கு உண்டு. கோது பொறுக்குபவர் முதலில் உள்ளே எட்டிப் பார்த்து எண்ணுவது துளைகளைத்தான்.

மூன்றாவது, வெடிமருந்து. பெயர் அப்படி இருந்தாலும் அது வெடிப்பதில்லை, எரிகிறது. மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக. முழு விறகு அடுப்பில் நின்று எரியும், சிராய் நொடியில் எரிந்து தீரும். மருந்து மணியின் தடிப்பும் வடிவமும் எரிவேகத்தை அப்படித்தான் தீர்மானிக்கின்றன. மணிகளின் மேல் பூசிய தடுப்பு இரசாயனம் தொடக்க வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கும் மேலே மின்னேற்றம் தேங்காமலும் மணிகள் சீராக ஓடவும் மெல்லிய கிராபைட் பூச்சு. கைத்துப்பாக்கிக் குழாய் ஏறத்தாழ அரைச் சாண். சன்னம் அதைக் கடக்க ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அதற்குள் எரிந்து முடிக்கும் வேகமான மருந்தே இங்கு பொருத்தம். வேகமானது குறைவாகவே வேண்டும். ஒரு தடவைக்குக் கால் கிராமுக்குச் சற்று மேல். அரைக் கிலோவுக்கும் குறைவான ஒரு டப்பா ஆயிரத்து ஐந்நூறு ரவைக்கு நெருக்கமாக வரும். ஆக, டப்பாவின் விலை பெரிதாகத் தெரிந்தாலும் ரவை ஒன்றுக்கு மருந்தின் பங்கு சிறிது.

ஆனால் சிக்கனமே இங்கு பொறியாகிறது. கால் கிராம் மருந்து கோதின் பாதியைக்கூட நிரப்பாமல் கிடந்தால், கவனம் சிதறி இரண்டாம் முறை ஊற்றினாலும் கோது அதை ஏற்றுக்கொள்ளும். அந்த ரவை துப்பாக்கியையும் பிடித்த கையையும் சிதைக்கும். அதனால் அனுபவசாலிகள் புதியவருக்குச் சொல்வது, அதிக இடம் பிடிக்கும் பருமனான மருந்தை வாங்கு என்பதே. இரட்டை அளவு ஊற்றினால் அது கோதின் வாய்வரை பொங்கி வழிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அது சற்று விலை கூடினாலும் மலிவு. மருந்தின் அளவை உற்பத்தியாளர் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். நண்பர் சொன்னது, கேள்விப்பட்டது எதுவும் செல்லாது.

நான்காவது சன்னம். கோதைக் கணக்கில் எடுக்காவிட்டால் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான். உண்மையில் மிச்சம் பிடிக்க இடம் இருப்பதும் இங்கேதான். தடித்த செம்பு உறை போட்ட சன்னம் விலை கூடியது. ஈயத்தின் மேல் மின்முலாமாகச் செம்பு பூசியது அடுத்தது. வண்ணப் பூச்சுப் பூசிய அல்லது வெறும் வார்ப்பு ஈயம் எல்லாவற்றிலும் மலிவு. ஈயம் 327 பாகையில் உருகும். அன்டிமனி சேர்த்தால் இறுகும். 25 மீற்றர் துல்லியப் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 50 மி.மீ. அகலம், செயல்முறைச் சுடுதலில் உயர்புள்ளிப் பகுதி 15 செ.மீ. அகலம். முதலாவதற்கு ஒரே தொகுதியில் வந்த, எடை மாறாத சன்னம் வேண்டும். இரண்டாவதன் பயிற்சிக்கு மலிவு ஈயமே போதும். அதன் சிறு பிசகு சுடுபவர் கை நடுக்கத்துக்குள் மறைந்துவிடும்.

சன்னத்தின் எடையிலும் ஒரு பௌதிகம் ஒளிந்திருக்கிறது. செயல்முறைச் சுடுதல் விதி, சன்னத்தின் எடையை வேகத்தால் பெருக்கி ஒரு கீழெல்லை வைத்திருக்கிறது. அதாவது அளப்பது உந்தத்தை. 7.45 கிராம் சன்னம் நொடிக்கு 332 மீற்றரில் போனாலும், 9.53 கிராம் சன்னம் 260 மீற்றரில் போனாலும் உந்தம் ஒன்றுதான். ஆற்றலோ முதலாவதில் ஏறத்தாழ 410 ஜூல், இரண்டாவதில் 320 ஜூல். பாரமான சன்னத்துக்கு மருந்தும் குறைவாகவே வேண்டும். குழாய் வாயிலிருந்து பீறிடும் வாயுவுக்கும் உந்தம் இருப்பதால், மருந்து குறையக் குறைய உதைப்பும் மெத்தென்று ஆகும். பாரமான சன்னத்தில் ஈயம் கூடுதல், ஆகவே விலையும் கூடுதல். மென்மையான உதைப்புக்கு அந்த விலை தகுமா என்பது ஒவ்வொருவர் கையும் பையும் தீர்மானிக்கும்.

ஈயத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அது கடைச் சிட்டையில் வராது. சன்னத்திலிருந்தும் எரியூட்டிப் புகையிலிருந்தும் வரும் ஈயத் தூசு உடலுக்குள் சேர்ந்துகொண்டே போகும். வளரும் பிள்ளைகளின் மூளைக்கு அது நஞ்சு. கை கழுவாமல் சாப்பிடுவதும், சமையலறையில் வைத்து வேலை செய்வதும், ஈயம் படிந்த உடுப்போடு குழந்தையைத் தூக்குவதும் கூடாது.

இலங்கையில் இவை யாவும் 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்துக்கும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. துவக்குக்கு அனுமதிப்பத்திரம் இருப்பது வெடிமருந்தைச் சேர்த்துவைக்கவோ ரவை கோக்கவோ அனுமதி ஆகிவிடாது. கொழும்பில் இருந்துகொண்டு இந்த விளையாட்டில் இறங்க விரும்புபவருக்கு மருந்தே வேண்டாத 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் நல்ல தொடக்கம். அதுவும் ஒலிம்பிக் போட்டிதான்.

சட்டம் இடம் தரும் ஊரில் இருப்பவருக்கு வரிசை இது. கோதைப் பொறுக்குங்கள், சன்னத்தில் பேரம் பேசுங்கள், மருந்தில் விலையை விடப் பருமனைப் பாருங்கள், எரியூட்டியிலும் மருந்து நிறுக்கும் தராசிலும் ஒரு சதமும் குறைக்காதீர்கள். சன்னம் தவறினால் போவது ஒரு புள்ளி. மருந்தின் அளவில் தவறினால் போவது கை.